தோட்டத்துப் பக்கத்து அடுப்பையும் எண்ணுங்கள்: எரிசக்திக் கணக்கு எழுதும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

எரிசக்திக் கணக்கு எழுதுகிறவர்களுக்கும், அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு திட்டம் தீட்டுகிற அதிகாரிகளுக்கும்,

கடலூர் முதுநகரில் மூன்று தலைமுறையாக விறகுக் கடை வைத்திருக்கும் குடும்பத்திலிருந்து எழுதுகிறேன். போன மாதம் அரசு அலுவலகம் ஒன்றிலிருந்து வந்த பதில் கடிதத்தைப் படிக்க நேர்ந்தது. பண்ருட்டிப் பக்கம், முந்திரிக் காட்டை ஒட்டிய ஒரு சிற்றூர். என் அண்ணி அங்கேதான் இருக்கிறார். அவரும் இன்னும் பத்துப் பெண்களும் சேர்ந்த மகளிர் குழு ஒரு மனு கொடுத்திருந்தது. சமையல்கட்டுகளில் புகைபோக்கி வைத்த அடுப்பு கட்டித் தர வேண்டும், ஊர்ப் பொது நிலத்தில் விறகுக்கென்று கொஞ்சம் மரம் நட அனுமதி வேண்டும், இவ்வளவுதான் கேட்டிருந்தார்கள். பதில் இரண்டே வரி. அந்த ஊராட்சியில் எல்லா வீட்டுக்கும் எரிவாயு இணைப்பு கிடைத்துவிட்டது, விறகுப் பயன்பாடு இல்லை, ஆகவே மனுவை ஏற்க இயலாது.

அண்ணிக்குக் கண் சரியில்லை. என்னைத்தான் படிக்கச் சொன்னார். நான் படித்து முடித்ததும் கையிலிருந்த ஊதுகுழலை நீட்டி அடுப்பைக் காட்டி, "அப்ப இது என்னவாம்?" என்று கேட்டார். அடுப்பில் முந்திரிக் கட்டை எரிந்துகொண்டிருந்தது. நான் பதில் சொல்லவில்லை. திரும்பி வரும்போது ஊர் முனையில் வண்டியை நிறுத்தினேன். "புகையில்லா கிராமம்" என்று அங்கே ஒரு பச்சைப் பலகை நிற்கிறது. பலகையின் காலில் யாரோ ஒரு சுள்ளிக்கட்டைச் சாய்த்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். தலைச்சுமையோடு வந்தவர் மூச்சு வாங்க இறக்கி வைத்திருப்பார் போல.

விறகு விற்கிறவன் விறகுக்குப் பரிந்து பேசுகிறான் என்று நீங்கள் நினைக்கலாம். அந்தப் பதினொரு பெண்களில் ஒருவர்கூட என் வாடிக்கையாளர் இல்லை. காசு கொடுத்து விறகு வாங்கும் நிலையில் அவர்கள் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அந்த ஊரில் எல்லாரும் நாளைக்கே கேஸுக்கு மாறிவிட்டால் என் கடைக்கு ஒரு ரூபாய் நட்டமில்லை, எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் எரிகிற அடுப்பை எரியவில்லை என்று எழுதிவிட்டு, அந்த எழுத்தைக் காட்டியே உதவியை மறுத்தால் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

இந்த "விறகுப் பயன்பாடு இல்லை" எப்படிப் பிறந்தது என்பது எனக்கு ஓரளவு தெரியும். கணக்கெடுப்பு நடந்த ஒரு நாள் நான் அண்ணி வீட்டில்தான் இருந்தேன். கையில் டேப்லெட்டோடு ஒரு சின்னப் பெண் வந்தார். வெயிலில் அலைந்து முகம் சிவந்திருந்தது. திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். "சமையலுக்கு முக்கியமா எது? கேஸ் இருக்குதானே?" என்று கேட்டார். "இருக்கு" என்றார் அண்ணி. அது பொய்யில்லை. கூடத்து மேடையில் அடுப்பு துணி போர்த்தி இருந்தது, கீழே சிலிண்டரும் இருந்தது. அந்த நேரம் பார்த்துக் காற்று திரும்பி, தோட்டத்துப் பக்கத்திலிருந்து புகை வாசல் வரை வந்தது. அந்தப் பெண் கண்ணைக் கசக்கிக்கொண்டே "கேஸ்" என்று குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

அவரை நான் குறை சொல்லமாட்டேன். இருட்டுவதற்குள் அவர் இன்னும் எத்தனையோ வீடு முடிக்க வேண்டும். அவர் கையில் கொடுத்த படிவத்தில் ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் இப்படித்தான் கேட்கிறது: சமையலுக்கு முதன்மையான எரிபொருள் எது என்று, ஒற்றைப் பதில். 2011 கணக்கெடுப்பில் இந்திய வீடுகளில் 49 சதவீதம் விறகு என்று சொன்னது. 2018இல் நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில் கிராமப்புற வீடுகளில் 48.3 சதவீதம் எரிவாயு, 44.5 சதவீதம் விறகு, சுள்ளி, பயிர்க்கழிவு. படிக்கிறவருக்கு என்ன தோன்றும்? ஒரு வீடு கேஸுக்குப் போய்விட்டால் அங்கே விறகு முடிந்தது என்றுதான் தோன்றும். எங்கள் பக்கத்தில் அப்படி ஒரேயடியாக மாறிய வீடு குறைவு. பால் காய்ச்ச, காலையில் அவசரத்துக்கு, விருந்தாளி வந்தால் காபி போட கேஸ். சோறு வடிக்க, குழம்பு கொதிக்க, குளிக்க வெந்நீர் போட, மாட்டுக்குக் கஞ்சி காய்ச்ச விறகு. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு. உங்கள் கட்டத்தில் ஒன்றுக்குத்தான் இடம்.

கணக்கு என்பதால் நானும் கொஞ்சம் கணக்கு போட்டேன். தொழில் அப்படி. போன தை மாதம் கடையிலிருந்து ஒரு தொங்கு தராசை எடுத்துப் போய் அண்ணி வீட்டில் மாட்டிவிட்டு, ஒரு வாரம் அடுப்புக்குப் போகும் ஒவ்வொரு கட்டையையும் நிறுத்து எழுதச் சொன்னேன். பேத்தி எழுதினாள். வாரத்துக்கு 27 கிலோ. வருடத்துக்கு வைத்தால் ஒரு டன்னைத் தாண்டி 1,400 கிலோ. அப்புறம் கேஸ் புத்தகத்தைப் பார்த்தேன். வருடத்தில் நாலு சிலிண்டர். ஐந்து பேர் இருக்கும் அந்த வீட்டில் எல்லாச் சமையலும் கேஸில் நடந்தால் குறைந்தது ஒன்பது வேண்டும்.

விட்டுப்போன அந்த ஐந்து சிலிண்டரின் வேலையை யார் செய்தது? ஒரு கிலோ எரிவாயுவில் இருக்கும் வெப்பம், ஒரு கிலோ காய்ந்த விறகில் இருப்பதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. அதுபோக, கேஸ் அடுப்பில் பாதிக்கு மேல் வெப்பம் பாத்திரத்துக்குப் போகிறது. திறந்த விறகடுப்பில் எட்டில் ஒரு பங்கு போனாலே அதிகம். மற்றதெல்லாம் சுவருக்கும் கூரைக்கும், ஊதுகிறவர் முகத்துக்கும். இரண்டையும் சேர்த்துப் பெருக்கினால் 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று செய்யும் வேலைக்குச் சுமார் 200 கிலோ விறகு. ஐந்து சிலிண்டருக்கு ஒரு டன். மிச்சம் 400 கிலோ வெந்நீருக்கும் மாட்டுக்கும். அண்ணி வீட்டு அடுப்புக் கணக்கும் கேஸ் புத்தகமும் இப்படி ஒன்றோடொன்று பொருந்திப் போகின்றன. அந்த ஒரு டன் உங்கள் ஏட்டில் எங்கே இருக்கிறது?

இது ஒரு வீட்டுக் கதை என்று தள்ளவும் முடியாது. 2016 மே மாதம் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் இணைப்பு பெற்ற வீடுகள் வருடத்துக்குச் சராசரியாக எத்தனை சிலிண்டர் வாங்குகின்றன என்று நாடாளுமன்றத்தில் அரசே சொல்லியிருக்கிறது. 2019-20இல் 3, 2022-23இல் 3.71. இணைப்பு எத்தனை என்ற எண்ணைப் பெரிய எழுத்தில் போடுகிறீர்கள், சரி. இந்த மூன்றரைச் சிலிண்டரை ஏன் அதன் பக்கத்தில் போடுவதில்லை? 2023 மார்ச்சில் சென்னையில் ஒரு சிலிண்டர் 1,118 ரூபாய் 50 காசு. பிறகு குறைந்தது, மறுக்கவில்லை. ஆனால் முந்திரிக்கொட்டை உடைத்துக் கூலி வாங்கும் வீட்டில் அந்தத் தொகையை ஒரே நாளில் எடுத்து வைப்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். விறகு என்றால் அன்றைக்கு வேண்டியதை அன்றைக்குப் பொறுக்கிக்கொள்ளலாம்.

என் மகள் ஒரு நாள் கணினியில் ஒரு படம் காட்டினாள். ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 1961இலிருந்து சேர்த்து வைத்திருக்கும் எண்கள். கண்டம் கண்டமாக விறகு உற்பத்தி. உலகம் முழுக்க வருடத்துக்கு ஏறக்குறைய 190 கோடி கன மீட்டர் மரம் அடுப்புக்கும் கரிக்கும் போகிறது. வெட்டும் மரத்தில் பாதி. நாடு என்று பார்த்தால் முதலிடம் இந்தியாவுக்கு, சுமார் 30 கோடி கன மீட்டர். ஆசியாவின் கோடு நெடுங்காலம் மேலே இருந்து, 1990களுக்குப் பிறகு மெல்ல இறங்குகிறது. அந்த இறக்கத்தில் பெரும்பங்கு சீனாவுடையது. ஆப்பிரிக்காவின் கோடு நிற்காமல் ஏறுகிறது. "நம்ம தொழில் கண்டத்துலேயே இறங்குமுகம்பா" என்று மகள் கிண்டல் செய்தாள்.

நான் அந்தக் கோட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தியாவின் கோடு எவ்வளவு வழவழப்பு! ஒரு மேடு பள்ளம் இல்லை. எண்ணெய் தடவிச் சீவிய தலை மாதிரி. என் கடைப் பேரேட்டில் எந்த வருடமும் அப்படி இருந்ததில்லை. பிறகு மகள்தான் சொன்னாள்: வளரும் நாடுகள் பலவற்றுக்கு இவை நிறுத்துப் பார்த்த எண்கள் இல்லை, மக்கள்தொகை, வருமானம், காட்டுப் பரப்பு இப்படிச் சிலவற்றை ஒரு சூத்திரத்தில் போட்டு எடுக்கும் மதிப்பீடு. அதை அந்த அமைப்பு மறைக்கவும் இல்லை. மதிப்பீடு என்றால் மதிப்பீடு என்று எண்ணுக்குப் பக்கத்திலேயே ஒரு குறி போட்டுத்தான் வைக்கிறார்கள். அங்கிருந்து அறிக்கைக்கும், அறிக்கையிலிருந்து மேடைப் பேச்சுக்கும், பேச்சிலிருந்து அண்ணிக்கு வந்த இரண்டு வரிக்கும் இறங்குவதற்குள் அந்தக் குறி எங்கேயோ உதிர்ந்துவிடுகிறது.

அந்தக் கன மீட்டரை எரிசக்தியாக மாற்றுவதிலும் ஒரு விஷயம் எனக்கு உறுத்துகிறது. ஒரு கன மீட்டர் விறகு என்றால் 725 கிலோ, அதில் சுமார் 9 கிகாஜூல் வெப்பம் என்று ஒரே அளவுகோல் வைத்துப் பெருக்குகிறார்கள். விறகுக் கடையில் ஒரு நாள் உட்கார்ந்தால் இது எவ்வளவு பெரிய மனசு என்று தெரியும். ஐப்பசி மழையில் வந்து இறங்கும் கட்டையில் பாதி எடை தண்ணீர். சித்திரையில் வெயில் பட்டு வெடித்த கட்டை வேறு சரக்கு. சவுக்கு பச்சையாக இருந்தாலும் நின்று எரியும், அதனால்தான் ஒரு காலத்தில் ரயில் எஞ்சினுக்கென்று இந்தக் கரையெல்லாம் அதை நட்டார்கள். வேலிகாத்தான், அதாவது சீமைக் கருவேலம், கனன்று நிற்கும். முருங்கையை விறகென்று சொன்னால் ஊரே சிரிக்கும். எல்லாம் அந்தக் கோட்டில் ஒன்றுதான்.

பேரேடு என்றேனே, அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வாதத்துக்கு அதுதான் சாட்சி.

தாத்தா காலத்து ஏட்டில் மணங்கும் வீசையும் இருக்கிறது. எட்டு வீசை ஒரு மணங்கு. பக்கத்துக்குப் பக்கம் வீடுகள்: வாத்தியார் வீடு, கடலை மண்டி ஐயா, துறைமுகத்து மேஸ்திரி. அந்தக் காலத்தில் ஒரு வீட்டுக்கு மாதம் எவ்வளவு விறகு என்பது அந்த வீட்டில் எத்தனை பேர் என்பதற்குச் சமம். கல்யாணம் ஆகி மருமகள் வந்தால் ஏட்டில் தெரியும். அப்பா காலத்தில் கிலோ வந்தது. மண்ணெண்ணெய் ஸ்டவ் வந்தது. நெய்வேலியிலிருந்து வந்த லெக்கோ கரித்துண்டைக் கடையில் ஒரு மூலையில் கொட்டி வைத்து விற்றதும் அப்போதுதான். குமுட்டி அடுப்பில் அது நன்றாக எரியும், கையில் கரி ஒட்டாது என்று வாங்கிப்போவார்கள். 1990களில் வீடுகள் ஒவ்வொன்றாக ஏட்டை விட்டுப் போக ஆரம்பித்தன. 2007 முதல் தமிழக அரசு இலவச கேஸ் அடுப்பு கொடுத்த பிறகு வீட்டுப் பக்கங்கள் கிட்டத்தட்ட வெறும் தாள்.

அப்படியென்றால் கடை ஏன் இன்னும் திறந்திருக்கிறது? ஏட்டின் பின்பாதியைப் புரட்டினால் தெரியும். டீக்கடை, பிரியாணி மாஸ்டர்கள், கல்யாண மண்டபம், ஆற்றோரச் செங்கல் சூளை, கருப்பட்டியும் வெல்லமும் காய்ச்சுகிறவர்கள், பேக்கரி, சுடுகாடு. வீட்டுக்குச் சின்னக் கட்டாகப் போன விறகு இப்போது லாரியில் போகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி வரைக்கும் போய்ப் பாருங்கள், "விறகு அடுப்புச் சமையல்" என்று விளக்குப் போட்டுப் பெருமையாகப் பலகை வைத்திருக்கிறார்கள். அண்ணி ஊரில் விறகு அவமானம், சாலையோரத்தில் அதுவே விளம்பரம். இந்தச் சூளைக்கும் மண்டபத்துக்கும் வீட்டுக் கணக்கெடுப்பில் இடமே இல்லை. யாரும் வந்து என்னிடம் கேட்டதும் இல்லை. 

இதில் இன்னொரு உண்மையையும் ஒத்துக்கொள்கிறேன். என் பேரேடும் முழுக்கணக்கு இல்லை. அண்ணி ஊர் விறகு எந்தக் கடை ஏட்டிலும் ஏறாது. முந்திரிக் காட்டில் கவாத்து செய்த கிளை, பேப்பர் மில்லுக்குச் சவுக்கு வெட்டிப்போன பிறகு கிடக்கும் மிலாறும் வேர்க்கட்டையும், ஏரிக்கரை வேலிகாத்தான், தென்னை மட்டை, வறட்டி. இந்திய வன அளவை நிறுவனம் 2011 அறிக்கையில் நாட்டில் வருடத்துக்கு 21.6 கோடி டன் விறகு எரிவதாகவும், அதில் காட்டிலிருந்து வருவது 5.9 கோடி டன்னுக்குச் சற்றுக் குறைவு என்றும் மதிப்பிட்டது. நாலில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். மற்றது வயல், வேலி, கொல்லை, குளக்கரை. விறகு பொறுக்கும் பெண்கள்தான் காட்டை அழிக்கிறார்கள் என்று மைக் பிடித்துப் பேசுகிறவர்கள் இந்த எண்ணை ஒரு தடவை பார்த்தால் நல்லது.

2011 டிசம்பர் 30. தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறிய நாள். பண்ருட்டிப் பக்கம் முப்பது நாற்பது வருடத்து முந்திரியும் பலாவும் வேரோடு புரண்டு கிடந்தன. அப்பா அந்தப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்து கடை வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ஒரு தலைமுறைக்கான வெறகு ஒரே ராத்திரியில வுழுந்துடுச்சு" என்றார். அடுத்த மாதங்களில் லாரி லாரியாக முந்திரிக் கட்டை வந்தது. கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். அந்த வருடத்து ஏட்டில் அப்பாவின் கையெழுத்தே வேறு மாதிரி, வரவு எழுத இடம் போதாமல் ஓரத்திலும் எழுதியிருக்கிறார். கேஸ் லாரி வராத, கரண்ட் இல்லாத அந்த நாட்களில் கேஸ் இணைப்பு இருந்த வீடுகளும் விழுந்த மரத்தைத்தான் எரித்தன. 2015 வெள்ளத்தில் நேர்மாறு: காய்ந்த கட்டைக்கு அலைந்தார்கள். கண்டத்துக் கோட்டில் எங்கள் மாவட்டத்துப் புயல் தெரிய வேண்டும் என்று கேட்கும் அளவுக்கு நான் பைத்தியக்காரன் இல்லை. மாவட்டத்துக் கணக்கில்கூடத் தெரியவில்லையே, அதைத்தான் கேட்கிறேன்.

இதே மாவட்டத்தில் நெய்வேலி இருக்கிறது. 1956இல் தொடங்கிய நிலக்கரி நிறுவனம் அங்கே பூமிக்கடியிலிருந்து எடுக்கும் பழுப்பு நிலக்கரி டன் டன்னாக எடை போடப்பட்டு, ஆண்டறிக்கையில் அச்சாகிறது. சுரங்கத்துக்கு மேலே இருக்கும் முந்திரிக் காட்டில் ஒரு பெண் தலையில் தூக்கிப்போகும் இருபது கிலோவை மட்டும் சூத்திரம் போட்டு ஊகிக்கிறோம், அல்லது இல்லை என்கிறோம். இரண்டும் எரிசக்திதான். ஒன்றுக்குத் தராசு இருக்கிறது.

தப்பான கணக்கால் ஏற்கெனவே சூடுபட்டிருக்கிறோம். 1970களின் நடுவிலிருந்து விறகுப் பஞ்சம் வரப்போகிறது என்று உலகம் முழுக்கப் பேசினார்கள். 1980களின் தொடக்கத்தில் உணவு வேளாண்மை அமைப்பே, 2000க்குள் கோடிக்கணக்கானவர்கள் விறகுக்குத் தவிப்பார்கள் என்று எச்சரித்தது. வயலோரத்து மரத்தையும் வேலியையும் அந்தக் கணக்குகள் சரியாகப் பிடிக்கவில்லை. சொன்ன அளவுக்குப் பஞ்சம் வரவும் இல்லை. அந்தப் பயத்தில் இங்கே சமூகக் காடு என்று ஏரி ஏரியாகக் கருவேலம் நட்டார்கள். அப்போது இருப்பதைக் குறைத்து எண்ணிப் பயந்தோம். இப்போது எரிவதைக் குறைத்து எண்ணி நிம்மதியாக இருக்கிறோம். புகையில்லா அடுப்புக்கும் ஒரு தேசியத் திட்டம் இருந்தது. 1983இல் தொடங்கி, 2002இல் கைவிடும்போது மூன்று கோடிக்கும் மேல் அடுப்பு கட்டியதாகக் கணக்கு. எங்கள் சொந்தக்காரர் வீட்டிலும் ஒன்று கட்டினார்கள். அடுத்த மழைக்குப் புகைபோக்கிக் குழாய் உடைந்தது, மாற்றுக் குழாய் கிடைக்கவில்லை, இடித்துவிட்டுப் பழைய கொடியடுப்பைப் போட்டார்கள். கணக்கில் அந்த அடுப்பு இன்றைக்கும் நின்றுகொண்டிருக்கும்.

அம்மாவைப் பற்றி எழுத வேண்டாம் என்று நினைத்தேன். ஆனாலும் எழுதுகிறேன். விறகுக் கடைக்காரர் வீடு, நல்ல காய்ந்த சவுக்காக எரித்திருப்பார் என்று நினைப்பீர்கள். நல்ல விறகு விற்பதற்கு. விற்காமல் தங்கும் முண்டும் முடிச்சும், கோடாலி ஏறாத கணுக்கட்டையும், மழையில் ஊறிப்போனதும்தான் எங்கள் அடுப்புக்கு வரும். அதை எரிய வைக்க அம்மா தரையில் கன்னம் படும்படி குனிந்து ஊதுவார். ஐம்பது வயதுக்கு மேல் இருமல் பிடித்தது. கடைசியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா பீடி பிடிப்பாங்களா?" என்று என்னைக் கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, நிற்க வெகுநேரம் ஆனது. வீட்டு அடுப்புப் புகையால் 2020ஆம் வருடத்தில் மட்டும் உலகத்தில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அம்மா இறந்தது அதற்கு முன்பே. அண்ணிக்கு இப்போது கண் சரியில்லை என்று மேலே எழுதினேன் அல்லவா, இருமலும் ஆரம்பித்திருக்கிறது.

கேட்பது இவைதான்.

கணக்கெடுக்க வருகிறவர்கள் "முக்கியமாக எது" என்று கேட்டுவிட்டுப் போக வேண்டாம். நேற்று இந்த வீட்டில் எந்தெந்த அடுப்பு எரிந்தது, எதில் என்ன சமைத்தீர்கள் என்று கேட்கட்டும். திண்ணையில் இருக்கும் ஆம்பளையிடம் கேட்காமல், சமைக்கிறவரிடம் கேட்கட்டும். தோட்டத்துப் பக்கம் போய் ஒரு பார்வை பார்த்துவிட்டு வரட்டும். படிவத்தில் இரண்டாவது அடுப்புக்கு ஒரு கட்டம் சேருங்கள். வருடத்துக்கு எத்தனை சிலிண்டர் என்பதையும் அங்கேயே எழுதுங்கள். இணைப்பு எண்ணிக்கையை வெளியிடும்போதெல்லாம் இந்த எண்ணையும் சேர்த்து வெளியிடுங்கள்.

மாவட்டத்தில் சில ஊர்களையாவது தேர்ந்தெடுத்து விறகை நிறுங்கள். ஒரு தடவை போதாது. சித்திரையில் ஒன்று, ஐப்பசி மழையில் ஒன்று, தையில் ஒன்று. ஈரம் எவ்வளவு, என்ன மரம், காட்டுவிறகா கொல்லைவிறகா என்பதும் எழுதப்பட வேண்டும். தராசு பெரிய செலவில்லை. சூளை, மண்டபம், உணவகம், என்னைப் போன்ற விறகுக் கடை எல்லாவற்றையும் அந்தக் கணக்கில் சேருங்கள். எங்கள் ஏடுகளைக் கேளுங்கள், கொடுப்போம். எந்த எண் நிறுத்து எடுத்தது, எந்த எண் ஊகம் என்பதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே போடுங்கள். ஊக எண்ணைக் காட்டி எந்த ஊரின் மனுவையும் திருப்பி அனுப்பக் கூடாது என்று ஒரு உத்தரவும் வேண்டும்.

அண்ணி ஊரின் மனுவைத் திரும்ப எடுங்கள். புகைபோக்கி அடுப்பு கொடுத்தால் உடைந்த குழாய்க்கு மாற்றும் ஊரிலேயே கிடைக்க ஏற்பாடு வேண்டும். மரம் நடக் கேட்ட நிலத்துக்கு அனுமதி கொடுங்கள். 2004 சுனாமியில் பிச்சாவரத்து அலையாத்தியும் கரையோரச் சவுக்கும் மறைத்த ஊர்களில் சேதம் குறைந்தது என்று இதே கடலூர் மாவட்டத்தை வைத்து ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். இங்கே மரம் அடுப்புக்கு மட்டும் ஆவதில்லை என்பது உங்களுக்கும் தெரியும். விறகுக்கென்று தனியாக நட்டால் மற்ற மரத்தின் மேல் கை போவது குறையும். வருடத்துக்கு நாலு சிலிண்டர்தான் வாங்க முடிகிற வீடுகளுக்குச் சின்ன சிலிண்டரோ தவணையோ ஏதாவது ஒரு வழி சொல்லுங்கள். அவர்கள் கேஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்தப் பச்சைப் பலகையில் "புகையில்லா கிராமம்" என்பதை அழித்துவிட்டு, "எல்லா வீட்டுக்கும் எரிவாயு இணைப்பு உள்ள கிராமம்" என்று எழுதச் சொல்லுங்கள். உண்மை அதுவரைக்கும்தான்.

மனுவுக்கு மறுபதிலைப் பொங்கலுக்குள் எதிர்பார்க்கிறோம். பேரேடுகள் கடையில்தான் இருக்கின்றன, தாத்தா காலத்தது கொஞ்சம் செல்லரித்திருக்கிறது. ஞாயிறு மதியம் தவிர மற்ற நேரமெல்லாம் கடை திறந்திருக்கும்.

இப்படிக்கு,
கடலூர் முதுநகர் விறகுக் கடைக்காரர் ஒருவர்